பாதி அப்டேட்டில் ஆயுத பூஜை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பாலிடெக்னிக்கும் நானும் இரண்டாம் வருடத்தோடு பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் முழு நீளத்துக்கு எழுதியதெல்லாம் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான். அதையும் பாதிக்கு மேல் கேக் படத்தை வைத்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் அடிக்கடி எவனாவது போன் செய்து, "மச்சான், கம்ப்யூட்டர்ல வட்டம் சுத்திகினே கீது, நிக்க மாட்டேங்குது, ஆஃப் பண்ணிடட்டா?" என்று கேட்கிறான். "பண்ணாதே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பண்ணியும் விடுகிறான். பிறகு நான் அம்பத்தூரிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு போய் அந்தச் சடலத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். ஒரே கதையை எத்தனை வீட்டில் சொல்வது? ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், போன் வரும்போது இதை அனுப்பிவிட்டுத் தூங்கலாம். அந்த ஒரு சுயநலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது என் நண்பனின் கடையில். கடை ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் இருக்கிறது. கடை என்றால், அவன் அப்பா கட்டிய வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்துகிற முன்னறைக்கு ஒரு ஷட்டர் போட்டது. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற ஒரு மெஷின், சுவரோரம் கலர் கலராகச் சுருள்கள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து அனுப்பினால் மெஷினுக்குள் இருக்கிற சின்னக் கத்தி அந்தப் படத்தின் ஓரமாகவே ஓடி ஸ்டிக்கர் தாளின் மேல்தோலை மட்டும் வெட்டும். வேண்டாததை உரித்து எறிந்தால் மிச்சம் இருப்பது வண்டியில் ஒட்டுகிற சிங்கமோ, வேலோ, 'அம்மா அப்பா ஆசி'யோ.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொறுக்கி எடுத்து, பூட்டி, ஓ.எஸ். போட்டுக் கொடுத்தது நான்தான். சும்மா போட்டுக் கொடுத்தால் என் கௌரவம் என்னாவது? முதல் வேலையாக, ஸ்டார்ட் ஆகும்போதே தானாக எழுந்து வருகிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினேன். மனுஷன் கண்ணைத் திறந்ததும் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் அவன் எப்படி எழுந்திருப்பான்? கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஸ்லோ என்று புலம்புகிறவர்கள் முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பாதிப் பேர் உங்களுக்கே அறிமுகம் இல்லாதவர்களாக இருப்பார்கள்.

அடுத்து, எழுத்தைப் பெரிதாக்கினேன். கடை திறந்திருக்கிற நேரத்தில் அது தன் இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்று காலையிலிருந்து இரவு வரைக்குமான நேரத்தைக் குறித்து வைத்தேன். மூன்றாவதாக, அவனுக்குத் தெரியாமல் மொத்தத்தையும் தமிழுக்கு மாற்றிவிட்டேன். மறுநாளே போன்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கீற? மீட்டெடு, செயல்தவிர், முகப்புத்திரைன்னு நியூஸ் வாசிக்கிற மாதிரியே கீது!"

"தமிழன்தானடா நீ? வெக்கமா இல்ல?"

"நான் கோவில்பதாகைத் தமிழன்டா. இது எந்த ஊர்த் தமிழு?"

திட்டினானே தவிர மாற்றவில்லை. மாற்றுகிற இடம் எது என்று தமிழில் கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. நான்காவதாக, எந்த ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வரும் 'டிங்' சத்தத்தை எடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஹாரனை வைத்தேன். பென்டிரைவ் செருகினால் பின்னால் ஆட்டோ வந்து நிற்பதுபோல் இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார் என்று அவன் சொன்னபோது எனக்குப் பட்டம் வாங்கிய சந்தோஷம்.

இத்தனை விளையாட்டிலும் அவனிடம் இரண்டு விஷயம் மட்டும் விளையாட்டில்லாமல் சொன்னேன். வரைகிற படங்களுக்குப் பென்டிரைவில் ஒரு நகல் போடு. அப்டேட் வந்தால், வேலை இல்லாத நேரமாகப் பார்த்து அப்போதைக்கப்போது முடித்துவிடு. இரண்டுக்கும் அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை யாரும் அடிக்க முடியாது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'பின்னர் நினைவூட்டு' என்பதை அமுக்கி அமுக்கி, அந்தப் பட்டனுக்கே கை வலித்திருக்கும்.

இப்போது அவன் அப்பாவைச் சொல்ல வேண்டும். நண்பனை மச்சான் என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மாமா. பெண் கொடுக்காத மாமா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மகன் ஸ்டிக்கர் கடை வைத்ததில் அவருக்கு இஷ்டமே இல்லை. கம்பெனியில் ஓர் இடம் காலியாகவும், சூப்பர்வைசரிடம் மகனுக்காகச் சொல்லி வைத்துவிட்டார். ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கடைக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆட்டோ ஸ்டாண்டு. விஜயதசமி அன்று மாலை திறப்பு. அத்தனை ஆட்டோவின் முன்கண்ணாடியிலும் மேலே ஒரே மாதிரி ஸ்டாண்டு ஸ்டிக்கர், நடுவில் சிங்கம். மாமா அதைக் கேள்விப்பட்டு, சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அந்த ஸ்டாண்டு வேலைய அன்னிக்கே முடிச்சுக் குடுத்துட்டா, நான் கடையப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். குடுக்கலியா, ஷட்டர இஸ்துட்டுத் திங்கக்கிழம என்கூட பஸ் ஏறு."

ஆக, ஒரு சிங்கத்தின் மேல் அவன் கடை நின்றுகொண்டிருந்தது.

சிங்கமும் லேசில் வரவில்லை. ஸ்டாண்டுத் தலைவர் தினமும் வந்து ஒரு குறை சொல்வார். "இன்னா நைனா, சிங்கம் கேட்டா பூனைக்கு விக்கு வெச்சிக்கீற?" பிடரியை அடர்த்தியாக்கினால், "இது துடப்பம்." வாயைத் திறந்து வைத்தால், "கொட்டாவி உடுது." கடைசியில் ஆயுத பூஜை அன்று மத்தியானம் ஒத்துக்கொண்டார். மறுநாள் விஜயதசமி, புது வேலை ஆரம்பிக்க நல்ல நாள், காலையில் முதல் வேலையாக அதையே வெட்டலாம் என்று நண்பன் முடிவு பண்ணினான்.

பூஜைக்கு நானும் போயிருந்தேன். பொரி, கடலை, வாழைப்பழம் எங்கே உண்டோ அங்கே நான் உண்டு. கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். நண்பனுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. சாமிக்கு முன்னால் கம்ப்யூட்டர் எந்தப் பாக்கியும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அத்தனை நாள் தள்ளி வைத்த அப்டேட் மொத்தத்துக்கும் அன்று சாயங்காலம் பார்த்து 'புதுப்பித்து நிறுத்து' கொடுத்துவிட்டான். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே எழுத்து: 'உங்கள் கணினியை அணைக்க வேண்டாம்.'

மாமா குளித்து, வெள்ளை வேட்டியில் வந்தார். குழைத்த சந்தனத்தை எடுத்து, மெஷினுக்கு மூன்று பொட்டு, மானிட்டருக்கு மூன்று பொட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்பக்கம் தாராளமாக ஒரு பூச்சு. கற்பூரம் காட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அவர் கம்பெனியில் வருஷா வருஷம் பூஜை முடிந்ததும் மெயினை இறக்கி மெஷின்களுக்கு ஓய்வு கொடுக்கிற மரியாதை அவருக்குத்தான். மகன் கடையில் முதல் பூஜை. விடுவாரா? தட்டைக் கீழே வைத்து, விபூதி கையோடு சுவருக்குப் போனார்.

"அப்பா, இரு இரு, அது இன்னும் ஓடிகினு..."

"அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா?" என்றபடி மெயின் லீவரைக் கீழே இழுத்தார்.

வட்டம் போய்விட்டது. கடை இருட்டாகி, கற்பூர வாசனை மட்டும் நின்றது.

மறுபடி ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்று நண்பன் லீவரிடம் போனான். மாமா குறுக்கே நின்றார். "சாமிகிட்ட வெச்ச சாமான நாளைக்குத்தான் எடுக்கணும். படிச்ச புள்ளைங்கதான நீங்க?"

"அவன்தான் மாமா படிச்சான். நான் பாதி," என்றேன்.

வெளியே வந்து நண்பனிடம் சொன்னேன். "டேய், நாளைக்கு அது எழுந்துக்கலன்னா உங்கப்பா இழுத்ததுதான் காரணம்னு நேராச் சொல்லிடு. அவர் போட்ட கண்டிஷன் அவர் மேலயே கேன்சல்."

"சொல்ல மாட்டேன்டா."

"ஏன்?"

"அவர் மனசு நெறைஞ்சு மொத தபா என் கடையில சாமி கும்புட்டாரு. அத எப்டி அவர் தலையில போடறது? எழுந்துக்கலன்னா எழுப்புவோம். அவ்ளோதான்."

அவன் எதையும் இவ்வளவு தீர்மானமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கிண்டல் செய்ய வாயைத் திறந்து, பொரியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

விஜயதசமி காலை. மாமா சாமி கும்பிட்டு மெயினை ஏற்றினார். நண்பன் பட்டனை அமுக்கினான். விசிறி சுற்றியது, வட்டம் சுற்றியது. 'தானியங்கிப் பழுதுபார்ப்பு தயாராகிறது' என்று ஒரு வரி வந்தது. திரை கறுப்பானது. திரும்ப முதலிலிருந்து வட்டம். திரும்ப அதே வரி. திரும்பக் கறுப்பு.

"போச்சா?" என்றார் மாமா.

"எழுந்துக்குதுப்பா, சோம்பல் முறிக்குது," என்றான் நண்பன். என்னிடம் திரும்பி மெல்ல, "ஃபார்மேட் போட்டுடலாமா?"

ஆவடி, அம்பத்தூர் பக்கம் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இது. சளி பிடித்தால் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைப்பது. அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"சிங்கம் எங்க கீது?"

"டெஸ்க்டாப்ல."

"பென்டிரைவுல?"

"போடணும்னுதான் இருந்தேன்."

"ஃபார்மேட் போட்டா சிங்கமும் காட்டுக்குப் போயிடும். உக்காரு."

இப்படி வட்டத்திலேயே மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்று. லோகோ வருகிற நேரமாகப் பார்த்துப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், ஓ.எஸ். தானே பயந்துபோய் நீல நிறத்தில் ஒரு பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். சும்மா சுற்றும் அப்டேட்டில் இதைச் செய்யக் கூடாது. அதுவாகவே திரும்பத் திரும்பச் செத்து எழுந்தால் மட்டும்.

நீலத்திரை வந்தது. ஆனால் கீபோர்டு வேலை செய்யவில்லை. மவுசும் அசையவில்லை. கீபோர்டில் விளக்குகூட இல்லை. ஓ.எஸ்.தான் கையை முடக்கிவிட்டதோ என்று நினைத்துக் கேபிள் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனால், இரண்டும் பெட்டியின் முன்பக்கத் துளைகளில் செருகியிருந்தன. பிடுங்கினேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். மாமாவின் தாராளம். சந்தனம் வைப்பதற்காக நண்பன் இரண்டையும் பிடுங்கி வைத்திருக்கிறான், காலையில் சந்தனத்தின் மேலேயே திரும்பச் செருகியிருக்கிறான்.

நண்பன் என் முகத்தைப் பார்த்தான். பேசாதே என்று அர்த்தம். நான் ஒயர் நுனிகளை என் சட்டையில் துடைத்துப் பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகினேன். பின்பக்கத் துளைகள் நேராகப் போர்டிலேயே இருப்பவை. பழுது பார்க்கிற நேரத்தில் கீபோர்டை அங்கே போடுவதுதான் நல்லது, சந்தனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். விளக்கு எரிந்தது.

முதலில் 'தொடக்கப் பழுதுபார்ப்பு' கொடுத்தேன். யோசித்துவிட்டு, முடியவில்லை என்றது. கடைசியாக வந்த அப்டேட்டைக் கழற்றச் சொன்னேன். ஏற்கெனவே ஒரு வேலை பாதியில் நிற்கிறது, அதனால் கழற்ற முடியாது என்றது. பழைய தேதிக்குத் திரும்பப் பார்த்தேன். திரும்புவதற்கு ஒரு புள்ளிகூடச் சேமிக்கவில்லை.

"நான் ஆன் பண்ணிட்டுப் போனேனேடா?"

"இடம் அடைக்குதுன்னு நான்தான் ஆஃப் பண்ணேன்."

"இடத்துல இன்னா பண்ண? வாடகைக்கு உட்டியா?"

அந்த நேரத்தில் மாடியில் குடியிருக்கிற ஐடிக்காரர் பைக்கை எடுக்கக் கீழே வந்தார். தேனிப் பக்கத்துக்காரர். லீவுக்கு ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார். திரையைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

"என்ன ப்ரோ, அப்டேட் நடுவுல கரண்ட் எதுவும் நின்னுருச்சா?"

நண்பன் என் காலை மிதித்தான். மாமா மெயின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நின்னுச்சு சார்," என்றேன். "எப்டின்னு கேக்காதீங்க, மேல சொல்லுங்க."

"எங்க ஆபீஸ்லயும் ஒரு தடவ இப்பிடி ஆச்சு. பாதியில நிக்கிற வேலைய அப்பிடியே திருப்பி விடச் சொல்லி ஒரு கமாண்ட் இருக்கு. பாத்துச் சொல்றேன், நீங்க அடிங்க."

போனில் தேடி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நீலத்திரையில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்புச் சன்னலைத் திறந்து நான் அடித்தேன். அப்படி ஓர் ஓ.எஸ்.ஸே அந்த இடத்தில் இல்லை என்று பதில் வந்தது. திரும்ப அடித்தேன். திரும்ப இல்லை. அவரும் எட்டி எட்டிப் பார்த்தார். எழுத்தில் தப்பில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உண்மையான ஆட்டோ. ஸ்டாண்டுத் தலைவர், புதுச் சட்டையில்.

"இன்னா நைனா, சிங்கம் ரெடியா? வண்டிங்க எல்லாம் கழுவி நிக்குது."

நண்பன் எழுந்து நின்று, "சாயங்காலத்துக்குள்ள ஒட்டிடறேன் அண்ணாத்தே," என்றான்.

அவர் திரையைப் பார்த்தார். கறுப்பில் வெள்ளை எழுத்து. "இன்னாது, சிங்கத்தக் காணோம்?"

"உள்ள கீது."

"கூண்டுலயா?"

அவர் நகர்கிறவராகத் தெரியவில்லை. எனக்கு முதலில் சிங்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. ஓ.எஸ். எழுந்திருக்காத கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை மட்டும் எடுக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது, இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புச் சன்னலில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வெறும் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் திறக்கப் போவதுபோல் போய், எல்லா வகை ஃபைலையும் காட்டச் சொன்னால், கம்ப்யூட்டரின் மொத்த அலமாரியும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் தெரியும். வேண்டியதை அங்கேயே காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டிவிடலாம். திறந்தது போலப் பாவனை காட்டித் திருடுவது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

சி டிரைவுக்குள் போனேன். காலி மாதிரி இருந்தது. டி டிரைவுக்குள் போனேன். அங்கே இருந்தன நண்பனின் பெயர், அவன் டெஸ்க்டாப், 'சிங்கம் கடைசி', 'சிங்கம் கடைசி புதுசு', 'சிங்கம் சத்தியமா கடைசி'. மூன்றையும் அள்ளிப் பென்டிரைவில் போட்டேன்.

"எடுத்துட்டேன்டா."

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார். தலைவர் அதற்கு முன்னால் கையை நீட்டினார். "அப்போ அந்தப் பென்டிரைவ குடு நைனா. ஆவடில கடை தொறந்துக்கீது, அங்க வெட்டிக்கிறேன். உன் மேல கோவம்லாம் இல்ல. எனக்குச் சாயங்காலம் தொறப்பு."

"குடுத்துடுடா," என்றார் மாமா. அவர் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. "ஜனங்கள நிக்க வெக்கக் கூடாது. கடை வரும் போவும்."

கடை போகும் என்றால் திங்கட்கிழமை பஸ். அங்கே இருந்தவர்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் எனக்கும் அது தெரியும். நண்பன் பென்டிரைவை என் கையிலிருந்து வாங்கினான். கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பட்டனைப் போட்டான்.

"அண்ணாத்தே, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் குடு. அதுக்குள்ள இந்த மெஷின் வெட்ட ஆரம்பிக்கலன்னா நானே ஆவடிக்கு எடுத்துகினு ஓடி, நின்னு வெட்டி எடுத்தாந்து, நானே ஒட்டித் தரேன். ஒரு வண்டிகூட சிங்கம் இல்லாம நிக்காது. ஆனா அது வரைக்கும் இது என் வேல."

தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா ஒண்ணு, டீ சொல்லு," என்று அங்கேயே உட்கார்ந்தார்.

நான் அதற்குள் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தேன். "சார்! சிங்கம் டி டிரைவுல கீதுன்னா ஓ.எஸ்.ஸும் டி டிரைவுலதான கீது? நாம சி-ன்னே அடிச்சிகினு கீறோம்!"

ஐடிக்காரர் சிரித்துவிட்டார். "ஆமா ப்ரோ. ரிப்பேர் ஸ்கிரீனுக்குள்ள போனா சில நேரம் எழுத்து மாறிரும். எனக்கும் தோணாமப் போச்சு."

வெளியில் சி என்று பெயர் வைத்துக்கொண்டு இருக்கிற ஆள், ஆஸ்பத்திரிக்குள் போனதும் டி என்று எழுதிக் கொடுக்கிறான். பெயர் மாற்றி எழுதிய ஆளுக்கு ஊசி போட முடியாமல் நாங்கள் வார்டு வார்டாகத் தேடியிருக்கிறோம். கட்டளையில் அந்த ஓர் எழுத்தை மாற்றி அடித்தேன். இந்த முறை இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் துடித்துவிட்டு, வேலை முடிந்தது, மீதியை அடுத்த ஸ்டார்ட்டில் செய்கிறேன் என்றது.

ரீஸ்டார்ட். லோகோ. வட்டம். கறுப்பாகவில்லை. வட்டத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது: 'மாற்றங்களைச் செயல்தவிர்க்கிறது. உங்கள் கணினியை அணைக்க வேண்டாம்.'

"இப்போ யாரும் எதையும் தொடக் கூடாது," என்றேன். "இது எவ்ளோ நேரம் வேணா சுத்தும். நின்னுட்ட மாதிரி தெரியும், நிக்காது. பாத்துகினே இருந்தா பயம்தான் வரும். வெளிய பாருங்க."

யாரும் வெளியே பார்க்கவில்லை. ஐடிக்காரர், தலைவர், நண்பன், நான், எல்லோரும் வட்டத்தையே பார்த்தோம். தேசமே கிரிக்கெட் பார்ப்பதுபோல. டீ வந்தது, குடித்தோம். வட்டம் சுற்றியது. மாமா மட்டும் மெல்லத் திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மேலேற்றி, அந்த வரியை உதடு அசைத்துப் படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு இன்னொரு தடவை. பிறகு திரும்பிப் போய் மெயின் பக்கத்தில், அந்த ஸ்டூலில் உட்காராமல், நின்றுகொண்டார்.

தலைவருக்குப் போனில் சார்ஜ் இல்லை. கம்ப்யூட்டர் ஒயர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்துச் சார்ஜரோடு குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கடை அதிர்ந்தது.

"யோவ்! கை வெக்காத!"

கத்தியது மாமா. தலைவர் சார்ஜரைக் கீழே போட்டுவிட்டார். மாமா மெயினுக்கு முன்னால் இரண்டு கையையும் அகல விரித்து, அதை யாரோ தூக்கிக்கொண்டு போக வருவதுபோல நின்றுகொண்டிருந்தார். மகனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்தும் இதேதான போட்டிருந்துச்சு."

நண்பன் சுவரோரச் சுருள்களைக் காட்டினான். "அப்பா, அந்தக் கறுப்புச் சுருள எடுத்து மெஷின்கிட்ட வை," என்றான். "வந்துரும் இப்போ."

வந்தது. வட்டம் மறைந்து, திரை வெளிச்சமாகி, தமிழ்நாட்டின் மிகத் தூய தமிழில் நல்வரவு சொன்னது. வெட்டும் மெஷினின் ஒயரைப் பின்பக்கத் துளையில் நண்பன் செருகினான். கடைக்குள் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. தலைவர் எழுந்து வாசலுக்குப் போய், "எவன்டா அவன் வழில நிறுத்தறது?" என்று தெருவைத் திட்டிவிட்டு வந்தார். அந்தச் சத்தத்தை வாழ்நாளில் மாற்ற மாட்டேன் என்று நண்பன் பிறகு சொன்னான்.

கத்தி ஓட ஆரம்பித்தது. முதல் சிங்கம் வெளியே வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. ஆனால் வெட்டுவது பாதி வேலைதான், உரிப்பது மீதி. பிடரி மயிர் ஒவ்வொன்றும் நூல் மாதிரி. அவசரப்பட்டு இழுத்தால் சிங்கத்துக்கு மொட்டை. நான் முதல் இரண்டுக்கு மொட்டை போட்டேன். என்னைத் துரத்திவிட்டார்கள். ஐடிக்காரர் ஒட்டுத் தாளை வெட்டிக் கொடுத்தார். மாமா ஊசி முனையால் பிடரியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடிக்க, நண்பன் உரித்தான். இருவருக்கும் இடையில் "அங்க புடி", "உடு", "மெல்ல" மட்டும். சாயங்காலம் ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் வந்து நிற்க, கண்ணாடியைத் துடைத்து ஒட்டி அனுப்பினோம். கடைசி வண்டி தலைவருடையது. ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பவும் எனக்கு அது கொட்டாவி உடற மாதிரிதான் கீது," என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

நான் விட்டுவிடவில்லை. அன்றே உட்கார்ந்து, திரும்பிப் போவதற்கான புள்ளியை ஆன் செய்தேன். ஓ.எஸ். உள்ள ஒரு பென்டிரைவைத் தனியாகச் செய்து, ரேடியம் எழுத்தில் 'ஆஸ்பத்திரி' என்று ஒட்டி, சாமி படத்துக்குப் பின்னால் மாட்டினேன். படங்களெல்லாம் தினமும் தானாகவே இன்னோர் இடத்தில் நகல் ஆகும்படி வைத்தேன், அவன் தலையாட்டலை நம்பாமல். உங்களுக்கும் இந்த மூன்றைத்தான் சொல்கிறேன். எல்லாம் ஒரு மத்தியான வேலை. பூஜை நாளில் மட்டும் அப்டேட் போடாதீர்கள். அல்லது போட்டுவிட்டு, சாமியைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். அவர் வட்டம் எத்தனையோ பார்த்தவர்.

திங்கட்கிழமை காலை மாமா தனியாக பஸ் ஏறினார். போவதற்கு முன் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஒரு ஸ்டிக்கர் வேணும்."

"இன்னா எழுதணும்?"

"'கேட்டுட்டு எறக்கவும்.' செவப்புல. பெருசா."

மெயின் லீவருக்கு மேலே அவரே நேராகப் பிடித்து ஒட்டிவிட்டுப் போனார். கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

இவ்வளவையும் எழுதி முடித்து, தப்பு இருந்தால் சொல் என்று முதலில் நண்பனுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டியது. கடைசியில் பதில் வந்தது.

"எல்லாம் ஓகே மச்சான், அப்பா மெயின எறக்குனாருன்னு போட்டுக்கீற எடத்துல மட்டும் கரண்ட் போச்சுன்னு மாத்திடு."